அமாவாசையன்று ஓடிய தறி

ஹெட்போனை மாட்டியதும் முதலில் வந்தது மூச்சு. ஸ்டெல்லாவின் மூச்சு. அதன் பின்னால் வரவேண்டிய தறி வரவில்லை.

அந்தப் பாட்டு எப்படித் தொடங்கும் என்று எனக்குத் தெரியும். நான் பதிவு செய்த பாட்டு. ஒரு பெண் மூச்சை இழுப்பாள். அவள் காலடியில், தரைக்கும் கீழே, ஒரு பட்டுத்தறி அடிக்கத் தொடங்கும். டக். டடக். டக். அதன்மேல் ஏறித்தான் அவள் முதல் சொல்லைச் சொல்லுவாள். இப்போது மூச்சு இருந்தது, சொல் இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

போன வருடம்தான் வேலையை விட்டேன். ஐம்பது தாண்டிய ஒலிப்பதிவுக்காரி வேலையை விடுவதற்கு வேறென்ன காரணம் இருக்கும்? காதுதான். மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கொலுசு போயிற்று. குருவி போயிற்று. கொசுவும் போயிற்று, அதில் வருத்தமில்லை. "கனமான சத்தமெல்லாம் இருக்கும்மா, அது கடைசியிலதான் போவும்" என்று காது டாக்டர் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் தினமும் காலையில் கண்ணைத் திறப்பதற்கு முன்னால் தெருவின் தறிகளைத் தேடிப் பிடித்துக்கொள்கிறேன். இப்போது அதுவும் போய்விட்டதா?

"இன்னாக்கா, சும்மா கண்ணாடி மாதிரி இருக்குதில்ல?" என்றான் விக்னேஷ். ஒலிப்பதிவுக்கூடத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இன்று உட்கார்ந்திருப்பவன், இதைக் கேட்டுப் பார்க்கத்தான் என்னை அழைத்திருந்தான். "பின்னாடி டொக்கு டொக்குனு ஒரு நாய்ஸ் வந்துக்கினே இருந்துச்சு. புது சாஃப்ட்வேர் போட்டிருக்கோம், ஒரே க்ளிக், மொத்தமா தூக்கிடுச்சு. நடுவுல ஒரு காலி எடம் வேற. யாரோ வெட்ட மறந்துட்டாங்க போல. அதையும் ஒட்டிட்டேன். மறுபடியும் எங்கியோ பஞ்சமாம்க்கா, அந்த ஆல்பத்த திரும்ப வெளியிடப் போறாங்க. அதுக்குத்தான் க்ளீன் பண்ணச் சொன்னாங்க."

என் காது போகவில்லை. தறியைத்தான் எடுத்திருக்கிறான். பயம் இறங்கிய இடத்தில் பிடிவாதம் ஏறி உட்கார்ந்தது.

"அத திரும்ப வை."

"நாய்ஸ்தானேக்கா?"

அங்கே வேலை செய்கிற மற்ற பிள்ளைகளும் கூடிவிட்டார்கள். டீ ஆறும்வரை சொன்னேன். சொன்னது போதவில்லை என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

இரண்டு பக்கமும் தறி ஓடுகிற பிள்ளையார்பாளையத் தெருவில் ஒலிப்பதிவுக்கூடம் வைக்க யாருக்காவது மனம் வருமா? தாமோதரன் சாருக்கு வந்தது. அவருடைய வீடு அங்கேதான் இருந்தது, வாடகை மிச்சம், அவ்வளவுதான். கேசட் கடையில் நின்றுகொண்டிருந்த என்னைக் கூட்டிவந்தார். கேபிள் சுருட்டினேன். மைக்குக்கு முகம் எது முதுகு எது என்று தெரிந்துகொண்டேன். வாயை மூடிக்கொண்டு இருக்கப் பழகினேன், அதுதான் கஷ்டமாக இருந்தது. அம்மன் பாட்டு, கிறிஸ்துமஸ் பாட்டு, கட்சிப் பாட்டு, ஆட்டோவில் கட்டிக்கொண்டு ஓடும் சேலைக்கடை விளம்பரம் என்று வருடங்கள் போயின.

சுவரெல்லாம் மெத்தை. தேங்காய் நாரும் கழிவுப் பட்டு நூலும் அடைத்து நாங்களே தைத்தது. காற்றில் வரும் சத்தத்தை அது தின்றுவிடும். தரை வழியாக வருவதைத் தின்ன எங்களிடம் எதுவும் இல்லை. எங்கள் ஊர்த் தறி குழித்தறி. நெய்கிறவரின் கால் பூமிக்குள் தொங்கும். ஒரு அடி விழுந்தால் பூமி அதை வாங்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடும். ஹெட்போனில் கேட்பதற்கு முன்னால் அது உள்ளங்காலில் தெரியும்.

ஆகவே எங்களுக்கு அமாவாசைதான் பெரிய நாள். அமாவாசையன்று தறியில் உட்கார மாட்டார்கள். தெருவே மூச்சுவிடாமல் கிடக்கும். தவில், கோஷ்டிப் பாட்டு எல்லாம் மற்ற நாளில். வீணை, பேச்சு, முணுமுணுப்பு எல்லாம் அமாவாசையில். காலண்டரில் கறுப்பு வட்டத்தைப் பார்த்துத்தான் நாங்கள் யாருக்கும் தேதி கொடுப்போம்.

சாரிடம் ஒரு மூங்கில் கூடை இருந்தது. பதிவு அறைக்குள் போகிறவர்கள் உடம்பில் சத்தம் போடும் எதையும் அதில் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். சாவி, வளையல், கொலுசு, சில்லறை, செல்போன். தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் தள்ளி ஊக்குக் குத்திக்கொள்ள வேண்டும். எல்லோரும் போட்ட பிறகு சார் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி மேலே வைப்பார். பாடியது சரியில்லை என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. "ஒரு டீ சொல்லட்டுமா?" என்பார். பாடினவருக்குப் புரிந்துவிடும். சரியாக வந்துவிட்டால் அதையும் சொல்ல மாட்டார். கூடைக்குள் கையை விட்டுக் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொள்வார். பெயர்பெற்ற பாடகர்கள்கூட அந்தக் கைக்குட்டையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பாடியதை நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன்.

ஹெவி மெட்டல் ஆட்கள் வந்த அன்று அந்தக் கூடை போதவில்லை.

கடல் தாண்டி ஒரு நாட்டில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்திருந்தது. சென்னை, வேலூர், பெங்களூரில் ஹெவி மெட்டல் என்று இடி மாதிரி கிட்டாரும் டிரம்ஸும் வாசிக்கிற குழுக்கள் சில சேர்ந்து ஒரு ஆல்பம் போட்டு, வருவதை அங்கே சாப்பாட்டுக்கு அனுப்புவதென்று முடிவு செய்திருந்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பாட்டு. கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டு. அந்தக் கடைசிப் பாட்டு எங்களிடம் வந்ததற்குக் காரணம் பாலாஜி. எங்கள் தெருப் பையன், நெசவுக்காரர் மகன், பட்டுக்கடையில் பில் போடுகிறவன், ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையில் டிரம்ஸ் அடிக்கிறவன். அவன் கேட்டான், சார் இடத்தைச் சும்மா கொடுத்தார்.

மூன்று பேர் வந்தார்கள். பாலாஜி. சென்னையிலிருந்து ரோஹன், கிட்டார்க்காரன், ஆல்பத்துக்குப் பொறுப்பு அவன். பிறகு ஸ்டெல்லா. தாமல் ஏரிக்கரையை ஒட்டிய ஊர். செல்போன் கம்பெனியில் வேலை. அந்தப் பாட்டை எழுதியவள் அவள்தான், பாட வந்தவளும் அவள்தான். மூவரும் கழற்றக் கழற்ற வந்துகொண்டே இருந்தது. முள்வைத்த காப்பு, மண்டையோட்டு மோதிரம், இடுப்புச் சங்கிலி, பூட்டு தொங்கும் கழுத்துப் பட்டை. சார் கூடையைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார்.

"இதுக்கு எங்க ஊர் உற்சவருக்கே நகை கம்மிப்பா" என்றார். பாத்திரம் கழுவும் டப் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன்.

சத்தத்தைச் சரிபார்க்க ஸ்டெல்லா ஒருமுறை குரலைத் திறந்தாள். அது தொண்டையிலிருந்து வரவில்லை, அடிவயிற்றில் கையை வைத்து அங்கிருந்து பிடுங்கினாள். மைக் முன்னால் வளையத்தில் இழுத்துக் கட்டியிருந்த பட்டுத் துணி படபடத்தது. கொஞ்ச நேரத்தில் வாசலில் டீக்கடைக்கார அம்மா நின்றார். "கலா, யாருக்குமா புடிச்சிருக்குது? வேப்பில கொண்டாரட்டா?"

"எனக்குத்தான் ஆன்ட்டி," என்று உள்ளேயிருந்து ஸ்டெல்லா சொன்னாள். "சாயங்காலத்துக்குள்ள எறங்கிடும்."

சார் அவளிடம் கேட்டார்: "தப்பா நெனைக்காத. பசிக்கு எதுக்கும்மா இவ்ளோ சத்தம்?"

"பசிக்குச் சத்தமே இல்ல சார். அதான்."

அவளுடைய அப்பா சின்ன வயதில் ஏரி காய்ந்த வருடத்தில் கோரைக்கிழங்கு தோண்டித் தின்றவர். அவர்களுடைய ஆட்களுக்கு ஒரு காணி நிலம் கிடையாது, அடுத்தவன் வயல் விளைந்தால்தான் கூலி, கூலி வந்தால்தான் அடுப்பு. வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கவிழ்த்து வைக்க அவர் இன்றைக்கும் விடமாட்டாராம். அதிலிருந்து அவள் எழுதியிருந்தாள். பாட்டு முணுமுணுப்பாகத் தொடங்கும்:

தட்டைக் கவிழ்க்காதே
அதில் என் முகம் இருக்கிறது
முகத்தைத் தின்றுதான்
இத்தனை நாள் இருந்தேன்

பிறகுதான் அந்தப் பெரும் குரல் எழும். முணுமுணுப்புக்குத்தான் அமாவாசை வேண்டியிருந்தது. ஸ்டெல்லாவுக்குக் கம்பெனியில் லீவு கிடைத்ததும் அந்த ஒரு நாள்தான். ரோஹன் ஒளிக்காமல் சொல்லிவிட்டான்: "இன்னிக்கு முடியலன்னா நாளைக்கு பெங்களூர்ல வேற ஒருத்தங்க பாடறாங்க ஸ்டெல்லா. பேசி வெச்சிருக்கேன். ஆல்பம் வெயிட் பண்ணாது, சாப்பாடு போகணும்." அவன் சொன்னதில் தப்பில்லை. அவளும் தலையை ஆட்டினாள். ஆனால் அந்த வரிகளை வேறொருத்தி பாடுவதை நினைத்து அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

எல்லாம் தயார். சார் கடிகாரத்தைச் சுற்றி வைத்தார். நான் சிவப்பு விளக்கைப் போட்டேன். உள்ளங்காலில் தெரிந்தது.

டக். டடக்.

அமாவாசையன்று தறி.

பக்கத்து வீடுதான். முனுசாமி அண்ணன் வீடு. வாசல் கதவு சாத்தியிருந்தது, ஜன்னலில் பழைய போர்வை தொங்கியது. நானும் ஸ்டெல்லாவும் கொல்லைப்பக்கமாகப் போனோம். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி வசந்தா, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முகமெல்லாம் வெளிறி. முகூர்த்தப் பட்டு, அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை. உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கிற கோர்வை என்பதால் ஒரு ஆள் போதாது. குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவை உடலுக்கு அவர் போடவேண்டும், கரைக்கு அவள் போடவேண்டும். எங்களைப் பார்த்ததும் அவர் கை அப்படியே நின்றது.

"கலா, வெளிய சொல்லிடாதம்மா. இவ காய்ச்சல்ல படுத்துட்டா, வேல நின்னு போச்சு. நாளைக்குக் காலைல பொண்ணு வூட்டுக்காரங்க கடைக்கு வராங்க. மணவறைக்கு இதத்தான் கட்டிக்கினு போவணும் அந்தப் பொண்ணு. அமாவாசைன்னு பாத்தா முடியுமா?"

"கொஞ்ச நேரம் நிறுத்தினா போதும்ண்ணா" என்றேன்.

"எவ்ளோ நேரம்?"

சாரின் டீ எத்தனை முறை வரும் என்று யாருக்குத் தெரியும்? வசந்தா சேலையைப் பார்த்தாள், நெய்யாமல் நீண்டு கிடந்த பாவு நூலைப் பார்த்தாள். ஸ்டெல்லா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம்க்கா. வா."

திரும்பி வந்து அந்தச் சத்தத்தோடே முயற்சி செய்தோம். பாலாஜியும் ஸ்டெல்லாவும் சேர்ந்தே பதிவாக வேண்டும், கிட்டார்களைப் பிறகு சேர்த்துக்கொள்வதாக ஏற்பாடு. தாளம் தவறாமலிருக்க பாலாஜியின் காதில் மெஷினின் டிக் டிக் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் தொடங்கினான். கொஞ்ச தூரம் போனதும் அவன் கால் டிரம் டிக்கை விட்டு நழுவியது. மறுபடியும் எடுத்தோம், அதே இடம், அதே நழுவல்.

"ஒரு டீ சொல்லட்டுமா?" என்றார் சார்.

டீ வந்தது. இன்னொரு முறை. மறுபடியும் டீ. ரோஹன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். பெங்களூருக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

பாலாஜி குச்சிகளைக் கீழே வைத்தான். "சார், காது மெஷின்ல தான் இருக்குது. கால் முனுசாமி அண்ணன் தறியோட போவுது. நான் இன்னா பண்ணட்டும்? நடக்கறதுக்கு முன்னாடியே இந்தக் கால் அந்தச் சத்தத்துலதான் ஆடிக்கினு இருந்துச்சு."

ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் பதித்தாள். டக். டடக். டக். தலை மெல்ல ஆடியது. எழுந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது.

"மெஷின நிறுத்துங்க. நான் தறியோட பாடறேன்."

வாசலிலிருந்து திரும்பிய ரோஹன் தலையில் கை வைத்தான். "அது கையால ஓட்டறது ஸ்டெல்லா. ஏறும், எறங்கும். அதுமேல நாலு கிட்டார் எப்படி உக்காரும்?"

"நீங்க அஞ்சு நிமிஷத்துக்கு ஆயிரம் சுரம் வாசிக்கிறவங்க. ஒரு மனுசன் கைக்குப் பின்னாடி வர முடியாதா?"

"சவாலா?"

"ஆமா."

அவன் போனைப் பார்த்தான். பிறகு அதை டப்பில், காப்புகளுக்கு நடுவில் போட்டான்.

ஆனால் முனுசாமி அண்ணனிடம் கேட்காமல் அவர் தறியைப் பதிவு செய்ய முடியாது. மறுபடியும் கொல்லைப்பக்கம். ஸ்டெல்லாதான் பேசினாள். பாட்டு எதற்கு, எங்கே பஞ்சம், எல்லாம் சொன்னாள். அவர் தயங்கினார். வசந்தாதான் முதலில் வாயைத் திறந்தாள். "நூல் கெடைக்காத வருசம் நாமளும் தூக்குவாளி எடுத்துக்கினு கஞ்சித் தொட்டி வரிசையில நின்னோம் இல்ல. எடுத்துக்கச் சொல்லுயா."

"எங்க பேரு வராதில்ல?" என்றார் அவர். "அமாவாசையில நெய்ஞ்சான்னு தெரிஞ்சா இந்தத் தெருவுல தல காட்ட முடியாது."

"வராதுண்ணா," என்றாள் ஸ்டெல்லா. "சத்தியமா வராது."

கேபிளைக் கொல்லைச் சுவர்மேல் இழுத்துக்கொண்டு போனேன். மைக்கை எங்கே வைப்பது? அடிக்கும் பலகைக்குப் பக்கத்தில் வைத்தால் அடி மட்டும் கேட்டது, நாடா ஓடுவது கேட்கவில்லை. மேலே தொங்கவிட்டால் மின்விசிறி வந்தது. கடைசியில் குழியின் விளிம்பில், மடித்த சாக்கின் மேல், அவர் முழங்காலைப் பார்த்தபடி படுக்க வைத்தேன். கட்டை, நூல், கால் மூன்றும் ஒன்றாக எழுந்து வந்தன. "தொட்டா ஷாக் அடிக்குமா?" என்றாள் வசந்தா. மைக்கைப் பார்த்ததும் அண்ணன் கை விறைத்துக்கொண்டது. போட்டோவுக்கு நிற்பது மாதிரி நெய்தார். ஒரு மெல்லிய துண்டை எடுத்து மைக்கை மூடினேன். "இப்போ அது துண்டுதான்ணா. நீங்க பாட்டுக்கு நெய்ங்க." சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது கை பழையபடி ஓடிக்கொண்டிருந்தது.

சிவப்பு விளக்கு.

மூச்சு. தறி. முணுமுணுப்பு. பாலாஜி கண்ணை மூடிக்கொண்டு தறியின் தோளில் கை போட்டவன் மாதிரி அடித்தான். அது வேகமெடுத்தால் எடுத்தான், தணிந்தால் தணிந்தான். ஸ்டெல்லாவின் குரல் கிழிந்து மேலே எழுந்தது. நான் பெரிய பெரிய சத்தங்களைக் கேட்டு வளர்ந்தவள், தேர்த் திருவிழாவில் அதிர்வேட்டுக்குப் பக்கத்தில் நின்றவள். இது வேறு. தட்டுக்குள் இருந்த முகம் எழுந்து நின்று கத்தியது.

அதன் உச்சியில் தறி நின்றுவிட்டது.

பாவில் இழை அறுந்திருக்கிறது. என் இடது காதில் முனுசாமி அண்ணனின் அறை, வலது காதில் ஸ்டெல்லா. பாலாஜியின் குச்சிகள் அந்தரத்தில் நின்றன. என் விரல் நிறுத்தும் பொத்தானுக்குப் போயிற்று. சார் திரும்பிப் பார்க்காமலே என் மணிக்கட்டைப் பிடித்தார். இடது காதில் வசந்தாவின் குரல், மிகத் தாழ்ந்து, கணவனிடம்: "இரு... கெடச்சிடுச்சு... இரு." அவள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறாள். வலது காதில் ஸ்டெல்லா பாடவுமில்லை, விலகவுமில்லை. மைக்குக்கு முன்னால் மூச்சை வைத்துக்கொண்டு நின்றாள். எங்கோ ஒரு நாட்டில் யாரோ சாப்பாட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பது இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. தோன்றியதைச் சொல்கிறேன், வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

டக்.

டடக். டக்.

அந்த மூச்சை அவள் வெளியே விட்டபோது எங்கள் நார் மெத்தைகள் நடுங்கின. பாட்டு முடிந்தது.

சார் எழுந்து போய்க் கூடைக்குள் கையை விட்டார். மோதிரங்களையும் சாவிகளையும் தள்ளி, கைக்குட்டையைப் பிரித்து, கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

பாலாஜி அழுதுகொண்டே சிரித்தான். ரோஹன் டப்பிலிருந்து போனை எடுத்தான். "எங்க பார்த்தாலும் டெம்போ வேற வேற. கிட்டார்க்காரங்க எல்லாரும் என்னைத் திட்டப் போறாங்க" என்றான். பிறகு, "வாசிக்கிறோம்" என்றான்.

வாசித்தார்கள். தறியைத் தனியாகக் கேட்டுக் கேட்டுப் பழகி அதன்மேல் வாசித்தார்கள். ஆல்பம் வெளியானது, சாப்பாடு போனது, மூட்டைகள் இறங்கும் படத்தை ரோஹன் அனுப்பினான். நான் அதற்குப் பிறகும் எத்தனையோ பதிவு செய்தேன், காது விடும்வரை.

விக்னேஷ், மெஷினுக்குத் தெரியாது, அது பாவம். அடி என்றால் இரைச்சல் என்று எடுத்துவிட்டது. பழைய பதிவில் அந்தக் காலி இடத்தை நீ முழுச் சத்தத்தில் வைத்துக் கேட்டால் ஒரு பெண் "இரு" என்று சொல்வது கேட்கும். பழையபடி சேர்த்துவிட்டு, வெளியே விடுவதற்கு முன்னால் என்னிடம் கொண்டுவந்து காட்டு. எனக்குக் கேட்கிற சத்தங்களில் அது இன்னும் இருக்கிறது. தறி இல்லாமல் அந்தப் பாட்டு போகாது, நான் விடமாட்டேன்.

அன்று மாலை கூடையும் டப்பும் காலியாயின. ஸ்டெல்லா காப்பை மாட்டிக்கொண்டு தாமல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். தெருமுனை வரை கூடப் போகலாமென்று நானும் இறங்கினேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. முனுசாமி அண்ணன் வாசலில் நின்றிருந்தார், தோளில் ஈரத் துண்டு.

"கெளம்பிட்டியாம்மா?"

"ஆமாண்ணா. பொடவ முடிஞ்சிதா?"

"தறியிலேர்ந்து அறுத்து மடிச்சாச்சு." தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இழை அறுந்துச்சே, அந்த எடத்த வெட்டிட்டீங்களா?"

"இல்லண்ணா. அப்படியே இருக்குது."

"இவ பேசினது?"

"அதுவும் இருக்குது. நீங்க பயப்படாதீங்க, பேரு போட மாட்டோம்."

உள்ளே வசந்தா இருமினாள். அவர் திரும்பிப் பார்த்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். நாங்கள் நடக்கத் தொடங்கி நாலு வீடு தாண்டியிருப்போம், பின்னாலிருந்து அவர் குரல் வந்தது, இந்த முறை தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"பேரு போடும்மா! வசந்தா பேர முன்னாடி போடு. காய்ச்சலோட ஒக்காந்தது அவதான்!"